பழைய ஃபோக்ஸ்வாகன் வேனை வீட்டிலேயே தாழ்த்துவது எப்படி: பே-விண்டோ வேனுக்கான முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் நான் வாங்கிய 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேனை முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே தாழ்த்தியிருந்தார். நிறுத்திவைத்த இடத்தில் அதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. டயர்கள் வளைவுக்குள் ஒடுங்கி, வண்டி தரையோடு படுத்தாற்போல் இருக்கும். ஓட்டினால் கதை வேறு. சாலையின் ஒவ்வொரு ஒட்டிலும் முன்பக்கம் டங்கென்று இடிக்கும், அந்த அதிர்வு ஸ்டியரிங் வழியாகத் தோள்வரை ஏறும். கீழே படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் கைகள் மேலே போய், கை எல்லை மீறி மேலே போகாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் வேலை செய்ய இடமே மிச்சமில்லை.

அந்த வேனை முதலில் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு சரியான முறையில் திரும்பத் தாழ்த்தினேன். இரண்டையும் வீட்டு வாசலில், மழை இல்லாத சனிக்கிழமைகளில் செய்தேன். அதில் கற்ற ஒன்றே இந்த வழிகாட்டி முழுக்க ஓடும்: வண்டியின் உயரத்தைக் குறைக்கலாம், சக்கரம் மேலும் கீழும் போய்வரும் இடத்தைக் குறைக்கக் கூடாது. அந்த இடத்தைத்தான் மெக்கானிக்குகள் டிராவல் என்கிறார்கள். எந்த உதிரியை வாங்குவது, எத்தனை மில்லிமீட்டர் இறக்குவது என்ற எல்லாக் கேள்விக்கும் அதிலிருந்தே விடை கிடைக்கும்.

உங்கள் வேன் எது?

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன் 1950-இல் தயாரிப்புக்கு வந்தது. இரண்டு துண்டுக் கண்ணாடி கொண்ட முதல் தலைமுறையை ஸ்பிலிட் ஸ்கிரீன் என்பார்கள். 1967 ஆகஸ்டில் வளைந்த ஒற்றைக் கண்ணாடியோடு அடுத்த தலைமுறை வந்தது, அதுதான் பே-விண்டோ. ஜெர்மனியில் 1979 வரை செய்தார்கள். நான் சொல்வதெல்லாம் இந்தப் பே-விண்டோவுக்கு மட்டும். ஸ்பிலிட் ஸ்கிரீனில் முன்பக்கம் பால் ஜாயிண்ட் எனும் உருண்டை மூட்டு கிடையாது, பின் அச்சின் அமைப்பும் வேறு. 1979-க்குப் பிறகு வந்த பெட்டி வடிவ மூன்றாம் தலைமுறையில் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங், அதைத் தாழ்த்துவது தனிக் கதை.

பே-விண்டோவுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 1970 ஆகஸ்டில் தொடங்கிய 1971 மாடலிலிருந்து முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. சக்கரத் துளைகளும் 5×205-இலிருந்து 5×112-க்கு மாறின, அதாவது ஐந்து துளைகளும் அமையும் வட்டத்தின் விட்டம் 205 மி.மீ-இலிருந்து 112 மி.மீ ஆனது. அதற்கு முந்திய டிரம் பிரேக் வண்டிக்கான ஸ்பிண்டில், அதாவது முன் சக்கரம் பொருந்தும் தண்டுள்ள உறுப்பு, பிந்தியதற்குப் பொருந்தாது. பதிவுப் புத்தகத்தில் இருக்கும் தேதியை நம்பாதீர்கள். மாடல் ஆண்டு ஆகஸ்டில் மாறும், பதிவு எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும். சேஸி எண்ணைப் பாருங்கள்: 1970 மாடலிலிருந்து பத்து இலக்கங்கள், அதில் மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டு. 234-இல் தொடங்கினால் 1974 மாடல் கொம்பி. உதிரி கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளே இருப்பது முறுக்கு

இந்த வேனில் சுருள் ஸ்பிரிங்கோ, லாரியில் பார்க்கும் வில் பட்டையோ இல்லை. ஈரத் துணியைப் பிழியும்போது அது கையை எதிர்த்துத் திரும்பப் பார்க்குமே, அதே வேலையை இங்கே எஃகு செய்கிறது. இதை டார்ஷன் பார் என்கிறோம்.

முன்பக்கம் குறுக்காக இரண்டு குழாய்கள், ஒன்றன் மேல் ஒன்று. இரண்டும் சேர்ந்த தொகுதிக்குப் பீம் என்று பெயர். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு ஒன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறது. கட்டின் நடுப்பகுதி ஒரு திருகால் குழாயோடு பூட்டப்பட்டிருக்கும். நடு அசையாததால் இடப்பாதி இடச் சக்கரத்துக்கும் வலப்பாதி வலச் சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங்காகின்றன. முனைகளில் டிரெய்லிங் ஆர்ம் எனும் கைகள், அவற்றில் பால் ஜாயிண்ட், அதில் ஸ்பிண்டில், அதில் சக்கரம்.

பின்பக்கம் பக்கத்துக்கு ஒரு உருண்டைக் கம்பி. அதன் உள்முனை வண்டியின் நடுவில் சேஸிக்குள் செருகியிருக்கும். வெளிமுனையில் ஸ்பிரிங் பிளேட் எனும் தட்டையான எஃகுக் கை பின்னோக்கி நீண்டு, சக்கரத்தைத் தாங்கும் சாய்வுக் கையோடு போல்ட் போட்டு இணைந்திருக்கும். கம்பியின் இரு முனைகளிலும் பற்கள் வெட்டியிருப்பார்கள், அவைதான் ஸ்ப்லைன். உள்முனையில் 44 பற்கள், வெளிமுனையில் 48.

இந்த இரண்டு எண்களும் வேண்டுமென்றே வேறுபடுகின்றன. வெளிமுனையில் ஒரு பல் நகர்த்தினால் 7.5 டிகிரி திரும்பும், உள்முனையில் ஒரு பல் என்றால் 8.2 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. உள்ளே ஒரு பக்கம் ஒரு பல், வெளியே எதிர்ப்பக்கம் ஒரு பல் என்று நகர்த்தினால் நிகர மாற்றம் 0.7 டிகிரிகூட வராது. சக்கரத்தில் அது சுமார் 5 மி.மீ. வேறு எந்த உதிரியும் வாங்காமல் இவ்வளவு நுணுக்கமாக உயரத்தை மாற்ற வழி செய்து வைத்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் எனக்கு இதன் மீதான மரியாதை குறையவில்லை.

எவ்வளவு, எந்த வழியில்?

குடும்பத்தோடு போகும், சமையல் அடுப்பும் படுக்கையும் ஏற்றிய வேனுக்கு என் கணக்கு: முன்பக்கம் 60 முதல் 75 மி.மீ, பின்பக்கம் 50 மி.மீ. இதிலேயே வேனின் தோற்றம் முற்றிலும் மாறிவிடும். காற்றடிக்கும் நெடுஞ்சாலையில் முன்பைவிட நிதானமாகவும் நிற்கும். இதைத் தாண்டினால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டியிருக்கும்.

முன்பக்கத்தைத் தாழ்த்த மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. முதலாவது, தகட்டுக் கட்டிலிருந்து சில தகடுகளை உருவிவிடுவது. செலவில்லை என்பதால் பலர் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்பிரிங் பலவீனமாகும், அதே சமயம் டிராவலும் குறையும். குறைந்த இடத்துக்குள் பலவீனமான ஸ்பிரிங் என்றால் இடிக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, பீமின் நடுவை வெட்டி அட்ஜஸ்டர் வெல்டிங் செய்வது, அல்லது அப்படிச் செய்த பீமை வாங்கி மாட்டுவது. நடுப்பூட்டைச் சுழற்றினால் கைகள் மேலேறி வண்டி இறங்கும். உயரத்தை விரும்பியபடி மாற்றலாம் என்பது இதன் வசதி. ஆனால் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் டிராவலிலிருந்து போகிறது. பால் ஜாயிண்ட்டும் அதன் இயல்பான கோணத்தை விட்டு விலகுகிறது. என் வேனுக்கு நேர்ந்தது இதுதான், அட்ஜஸ்டரை எல்லைவரை திருப்பியிருந்தார்கள். பீமில் வெல்டிங் என்பது உயிரை நம்பி ஒப்படைக்கும் வேலை. தொழில்முறையில் வெல்டிங் தெரியாதவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

மூன்றாவது, டிராப் ஸ்பிண்டில். சக்கரம் பொருந்தும் தண்டு வழக்கமான இடத்தைவிட 60 மி.மீ-க்கு மேல் உயரத்தில் இருக்குமாறு செய்த ஸ்பிண்டில் இது. கைகளும் தகடுகளும் பால் ஜாயிண்ட்டும் ஷாக் அப்சார்பரும் அவை இருந்த கோணத்திலேயே இருக்கும். சக்கரம் மட்டும் உடம்புக்குள் ஏறும், டிராவல் குறையாது. விலை அதிகம்தான், ஆனாலும் நான் இதையே சொல்வேன். வெட்டுவதும் ஒட்டுவதும் இல்லை, பிடிக்கவில்லையென்றால் பழையதைத் திரும்ப மாட்டலாம். வாங்குமுன் உங்கள் சக்கர அளவைச் சொல்லி, ரிம் உரசாது என்று விற்பவரிடம் உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிண்டில்களைத் தூக்கிப் போடாமல் எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள்.

பின்பக்கத்துக்கு வெளிமுனையில் ஒரு பல். சுமார் 50 மி.மீ இறங்கும். திருகால் கூட்டிக் குறைக்கும் ஸ்பிரிங் பிளேட்டும் விற்கிறார்கள். அடிக்கடி உயரத்தை மாற்றுபவருக்கு அது உதவும், ஒரே உயரத்தில் நிறுத்தப்போகிறவருக்குத் தேவையில்லை.

முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட மிக அதிகமாக இறக்க வேண்டாம். வேனின் இரு அச்சுகளுக்கும் இடையே 2,400 மி.மீ. முன்பக்கம் 42 மி.மீ கூடுதலாக இறங்கினால் உடம்பு முழுவதும் 1 டிகிரி முன்னே சாயும், காஸ்டர் கோணமும் அதே 1 டிகிரி குறையும். வளைவிலிருந்து ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திருப்புவது இந்தக் காஸ்டர்தான். எஞ்சின் பின்னால் இருக்கும் தட்டை மூஞ்சி வேன், பக்கக் காற்றில் ஏற்கெனவே அலையும். அதில் காஸ்டரையும் குறைத்தால் நெடுஞ்சாலையில் கை ஓயாது.

சட்டமும் காப்பீடும்

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2018 மே முதல் எம்ஓடி எனும் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் ஏதும் செய்திருக்கக் கூடாது. சஸ்பென்ஷனின் வகையை மாற்றுவது அந்தப் பெரிய மாற்றத்தில் சேரும். டார்ஷன் பாரைக் கழற்றிவிட்டுக் காற்றுப்பை போடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். விலக்கு இருந்தாலும் நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன், இன்னொருவர் கண்ணும் அடிப்பக்கத்தைப் பார்ப்பது நல்லது. ஜெர்மனியில் இருப்பவர்கள் உதிரி வாங்குமுன்பே சோதனை நிலையத்தில் பேசிவிடுங்கள். அங்கே இத்தகைய மாற்றத்தை ஆவணத்தில் ஏற்ற வேண்டும். எங்கிருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

தொடங்குமுன் ஒரு வாரம்

போல்ட்டுகளுக்கு வேனின் வயது. ஒரு வாரம் முன்பே கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் மாலை அடியுங்கள். பின்பக்கம் டார்ஷன் பாரின் வெளிமுனையை மூடும் மூடியின் நான்கு போல்ட்டுகள், ஸ்பிரிங் பிளேட்டைச் சாய்வுக் கையோடு சேர்ப்பவை, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட். முன்பக்கம் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை, பால் ஜாயிண்ட் நட்டுகள். ஐந்து நிமிட வேலைதான், சனிக்கிழமை உடைந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அந்த வாரத்திலேயே அடியில் படுத்து, ஒரு திருப்புளியின் முனையால் சேஸியைக் குத்திப் பாருங்கள். ஜாக் வைக்கும் இடமும் டார்ஷன் குழாய் சேஸியோடு சேரும் இடமும் முக்கியம். முனை உள்ளே போனால் தாழ்த்தும் வேலையை ஒத்திவையுங்கள். முதலில் அந்த உலோகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கருவிகள்: நல்ல தரமான தள்ளு ஜாக், குறைந்தது நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகள், சக்கரக் கட்டைகள், நீளமான கடப்பாரை, டார்க் ரெஞ்சு, பால் ஜாயிண்ட் பிரிக்கும் கருவி, கோணம் காட்டும் டிஜிட்டல் மானி, கனமான சங்கிலி, வெள்ளைப் பெயின்ட், உங்கள் மாடல் ஆண்டுக்குரிய ஒர்க்‌ஷாப் புத்தகம். போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குவது என்ற அளவுகளை அந்தப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுங்கள், அவை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன. புதிய ரப்பர் புஷ்களும், பின்பக்கத்துக்குச் சற்றுக் குட்டையான ஷாக் அப்சார்பர்களும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். பின்பக்க வேலைக்கு இரண்டாவது ஆள் கட்டாயம்.

பிறகு அளவு. சமதளத்தில் நிறுத்தி, நீங்கள் வழக்கமாக ஏற்றிச் செல்லும் சாமான்களோடு, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து வளைவின் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுக்கும். கேம்பர் வேன்கள் பெரும்பாலும் அலமாரி இருக்கும் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். என்னுடையது 9 மி.மீ சாய்ந்திருந்தது. இதை இப்போதே குறித்தால்தான் பிறகு பற்களை வைத்துச் சரிசெய்ய முடியும்.

பின்பக்கம்

பின்பக்கத்தை முதலில் செய்யுங்கள். இரண்டு பக்கங்களையும் ஒரே வார இறுதியில் முடிக்க முடியாமல் போகலாம். வால் தாழ்ந்த வேனில் காஸ்டர் கூடும், அதை நிதானமாக ஓட்டலாம். மூக்கு மட்டும் தாழ்ந்த வேன் சாலையில் அலையும். இடைப்பட்ட நாளில் இரவில் ஓட்டினால் முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின் சக்கரத் திருகுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். ஜாக்கால் தூக்கி, சேஸியின் உறுதியான பகுதியில் இரு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து இறக்குங்கள். வேனைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். சக்கரங்களைக் கழற்றிச் சேஸிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஸ்டாண்ட் வழுக்கினால் சக்கரம் தாங்கும்.

ஒரு சமயத்தில் ஒரு பக்கம். ஸ்பிரிங் பிளேட் சாய்வுக் கையோடு சேருமிடத்தில் கூரான உளியால் இரண்டின் மீதும் ஒரே கோட்டில் குறி வெட்டுங்கள். அந்தத் துளைகள் நீள்துளைகள், பிளேட் முன்பின் நகரும், பின் சக்கரத்தின் டோ, அதாவது அது நேர் முன்னே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், அங்கேதான் தீர்மானமாகிறது. பெயின்ட் குறி கையில் துடைபட்டுப் போகும், உளிக் குறி நிற்கும். சாய்வுக் கைக்குக் கீழே ஸ்டாண்ட் ஒன்றை முட்டுக்கொடுங்கள். அதன் எடை பிரேக் குழாயிலோ அச்சுத் தண்டின் ஜாயிண்ட்டிலோ தொங்கக் கூடாது. பிறகு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் பிளேட்டின் போல்ட்டுகளையும் எடுத்து, சாய்வுக் கையைப் பின்னால் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே தள்ளுங்கள்.

இனி வருவது இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் பிளேட் முழுமையாகத் தளர்ந்திருப்பதில்லை. சேஸியிலிருந்து நீட்டிய ஒரு தடுப்பின் மேல் இன்னும் முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். தடுப்பிலிருந்து அது நழுவினால் கீழ்நோக்கி அறையும், விரலோ முழங்கையோ வழியில் இருந்தால் எலும்பு மிஞ்சாது. பிளேட்டின் பின்முனைக்குக் கீழே ஜாக்கை வைத்து, பிளேட்டையும் ஜாக்கையும் சேர்த்துச் சங்கிலி சுற்றுங்கள். வெளி மூடியின் நான்கு போல்ட்டுகளை எடுத்து மூடியையும் ரப்பர் புஷ்ஷையும் கழற்றுங்கள். ஜாக்கை ஏற்றி, பிளேட் தடுப்பிலிருந்து மயிரிழை மேலே எழும்வரை தூக்குங்கள். அந்த நேரத்தில் ஒருவர் ஸ்டாண்டுகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஜாக் வேனையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். பக்கவாட்டில் நின்று, கடப்பாரையால் பிளேட்டை வெளிப்பக்கம் நெம்பித் தடுப்பைத் தாண்டவைத்து, ஜாக்கை மெல்ல மெல்ல இறக்குங்கள். பிளேட் இறங்கி ஓரிடத்தில் தளர்ந்து நிற்கும். கையால் தொட்டால் ஆடும். இப்போதுதான் அதில் முறுக்கு இல்லை.

கோண மானியை முதலில் கதவின் கீழ்ச் சட்டத்தில் வைத்து வண்டியின் சாய்வை எழுதுங்கள். பிறகு பிளேட்டின் மேல் விளிம்பில் வையுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் பழைய கோணம். புத்தகம் சொல்லும் கோணத்தைவிட இது முக்கியம், ஏனெனில் இத்தனை ஆண்டுகளில் உங்கள் கம்பி எவ்வளவு தளர்ந்தது என்பது புத்தகத்துக்குத் தெரியாது.

கம்பியின் முனையிலும் பிளேட்டிலும் நேர் உச்சியில் பெயின்ட் புள்ளி வையுங்கள். பிளேட்டை நேராக வெளியே இழுங்கள். கம்பியும் கூடவே வரப் பார்க்கும். பிளேட் மட்டும் வரும்படி கம்பியின் முனையை இன்னொருவர் உள்ளே தள்ளிப் பிடிக்கட்டும். பிளேட்டின் பின்முனை ஒரு பல் மேலே வருமாறு திருப்பிச் செருகுங்கள். மானியை மறுபடி வையுங்கள். பழைய கோணத்துக்கும் புதியதுக்கும் 7.5 டிகிரி வித்தியாசம் காட்ட வேண்டும். அதைவிட அதிகமாகக் காட்டினால் இரண்டு பல் தாண்டிவிட்டீர்கள், அல்லது உள்முனையும் நகர்ந்துவிட்டது.

சாய்ந்திருக்கும் வண்டியை நேராக்கத்தான் கம்பியை முழுவதும் உருவ வேண்டிவரும். உருவினால் இட, வலக் கம்பிகளை மாற்றிப் போடாதீர்கள். அவை ஒரே திசையில் முறுக்குவதற்கென்று பதப்படுத்தப்பட்டவை, முனையில் அடையாளம் இருக்கும். உடம்பில் கீறல் விழாமல் வையுங்கள். கம்பியின் பெயின்ட் உரிந்த இடத்தில் துருக்குழி விழும், விரிசல் அங்கேதான் பிறக்கும். என் வேனில் உயர்ந்திருந்த பக்கத்தை உள்ளே ஒரு பல், வெளியே இரண்டு பல் என்று எதிரெதிராக நகர்த்தினேன். நிகரமாக 6.8 டிகிரி, அதாவது வெறும் ஒரு பல்லைவிட 5 மி.மீ குறைவாக இறங்கும் என்று கணக்குப் போட்டபோதுதான் தவறு தெரிந்தது. உயர்ந்த பக்கம் கூடுதலாக அல்லவா இறங்க வேண்டும்! உள்முனையில் மட்டும் ஒரு பல் என்றால் 8.2 டிகிரி, சுமார் 55 மி.மீ. அதுவே சரியான விடை. இப்படிக் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

புது ரப்பர் புஷ்ஷுக்கு டால்கம் பவுடர் பூசுங்கள், கிரீஸ் வேண்டாம், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். ஜாக்கும் சங்கிலியுமாகப் பிளேட்டைத் தூக்கித் தடுப்பின் மேல் ஏற்றி, உள்ளே தள்ளி உட்காரவையுங்கள். தாழ்த்திய கோணத்தில் முறுக்கு குறைவு, கழற்றியதைவிட மாட்டுவது எளிது. புது புஷ் பருமனாக இருப்பதால் மூடி துளைகளுக்கு எட்டாமல் நிற்கும். எதிரெதிராக இரண்டு நீள போல்ட்டுகளைப் போட்டு மூடியை இழுத்து, மற்ற இரண்டில் சரியானவற்றை மாட்டி, பிறகு நீளமானவற்றை மாற்றுங்கள். உளிக் குறிகள் ஒரே கோட்டில் வருமாறு சாய்வுக் கையை இணையுங்கள். குட்டையான ஷாக் அப்சார்பரை மாட்டுங்கள். மறுபக்கமும் இப்படியே.

முன்பக்கம்

பின்பக்கத்தில் இருந்த ஆபத்து இங்கே இல்லை, ஆனால் சில்லறை உறுப்புகள் அதிகம். கழற்றுவதை வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் சக்கரங்களுக்குக் கட்டை, முன்னே ஸ்டாண்ட், சக்கரம் கழற்றல். பிரேக் காலிப்பரை எடுத்துக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள், அதன் எடை ஹோஸில் விழக் கூடாது. அடுத்து ஹப்பின், அதாவது சக்கர மையத்தின் மூடி. இடப்பக்க மூடியின் நடுவில் ஒரு சதுரத் துளையும் அதில் சிறு பூட்டும் இருக்கும். வேக மானியின் கேபிள் இடப்பக்க ஸ்பிண்டிலின் உள்ளே ஓடி அந்த மூடியால்தான் சுழல்கிறது. பூட்டை எடுக்காமல் மூடியை இழுத்தால் கேபிளைச் சேதப்படுத்துவீர்கள்.

இடப்பக்க ஹப் நட்டுக்கு மரை எதிர்த்திசை. வழக்கம்போல் திருப்பினால் இறுகும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி மரையை அழித்தவர்கள் உண்டு. நட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, நட்டு, வாஷர், வெளி பேரிங், டிஸ்க் என்று எடுத்து வையுங்கள். தூசித் தகட்டையும் கழற்றுங்கள். டை ராட் முனையைப் பிரிக்கும் கருவியால் விடுவியுங்கள், சுத்தியலால் மரையின் மேல் அடிக்காதீர்கள்.

மேல் பால் ஜாயிண்ட்டில் மையம் தவறிய ஒரு புஷ் இருக்கும், சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ சாயும் கேம்பர் கோணம் அதில்தான் சரிசெய்யப்படுகிறது. அதன் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து, புது ஸ்பிண்டிலில் அப்படியே வையுங்கள். கீழ்க் கைக்கு ஜாக் முட்டுக்கொடுத்துவிட்டு, கீழ், மேல் பால் ஜாயிண்ட்டுகளை விடுவித்துப் பழைய ஸ்பிண்டிலை எடுங்கள். இப்போது பால் ஜாயிண்ட்டுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தளர்ச்சியோ ரப்பர் உறையில் கிழிசலோ இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். அவற்றைக் கழற்றி மாட்டப் பிரஸ் தேவைப்படும்.

புது ஸ்பிண்டிலை மாட்டி, பேரிங்குகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்து, எதிர் வரிசையில் சேருங்கள். பேரிங்கின் இறுக்கத்துக்குப் பழைய முறை ஒன்று உண்டு: டிஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, நட்டின் பின்னால் உள்ள வாஷரைத் திருப்புளி முனையால் சிரமமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்த முடியுமளவுக்கு நிறுத்துங்கள். நகரவே இல்லையென்றால் பேரிங் சூடாகும். பூட்டுத் திருகை இறுக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள், அது இறுகும்போது நட்டும் சற்று நகரலாம்.

தரையில் இறக்கிய பிறகு

இறக்கியவுடன் அளக்காதீர்கள். ஜாக்கிலிருந்து வந்த வேனின் பின் சக்கரங்கள் உள்ளே மடங்கியபடி நிற்கும், பார்த்தால் தாழவே இல்லை என்று தோன்றும். முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டுங்கள், பம்பரை அழுத்தி விடுங்கள், பிறகு அளந்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்.

எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டியரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பிப் பாருங்கள். டயர் வளைவின் உள்விளிம்பிலோ பிரேக் ஹோஸிலோ படுகிறதா? பின்னே, அச்சுத் தண்டின் ரப்பர் உறைகள் மடங்கி உரசுகின்றனவா? பம்ப் ஸ்டாப்புக்கும் அது மோதும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு மிச்சம்? வழக்கமான சுமையோடு அங்கே என் நான்கு விரல் நுழையும், அதற்குக் குறைந்து நான் ஓட்ட மாட்டேன்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வேனுக்கு வந்தது 185 ஆர் 14 சி. அந்தக் கடைசிச் சி எழுத்து, சுமை வண்டிக்கான தடித்த டயர் என்பதைக் குறிக்கும். தோற்றத்துக்காகக் குட்டையான டயர் போடுபவர்கள் அந்த எழுத்தையும் சுமைக் குறியீட்டையும் விட்டுவிடக் கூடாது, கார் டயர் இந்த எடையைத் தாங்காது. வேக மானி முன் இடச் சக்கரத்தால் ஓடுவதால், டயர் குட்டையானால் அது உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

மெதுவாக ஓட்டி, அப்படியே அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். பழைய வண்டி செய்து பழகிய கடையாக இருக்கட்டும். பின் சக்கரங்களையும் அளக்கச் சொல்லுங்கள். தாழ்த்தியதால் அவற்றின் மேல்விளிம்பு உட்பக்கம் சாய்ந்திருக்கும், 50 மி.மீ-இல் கண்ணுக்கே தெரியும். அந்தச் சாய்வை டயர் ஓரளவு பொறுக்கும், ஆனால் டோவும் தவறியிருந்தால் உள்விளிம்பு ஒரே கோடையில் தேய்ந்துபோகும். முகப்பு விளக்கையும் அன்றே சரிசெய்துவிடுங்கள்.

100 மைல் ஓடியபின், நீங்கள் தொட்ட ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஸ்பிரிங் பிளேட்டுக்கும் சாய்வுக் கைக்கும் நடுவே உள்ளவற்றில் தொடங்குங்கள். என் வேனில் இடப்பக்கம் ஒன்று கால் சுற்றுக் கொடுத்தது. உளிக் குறி மட்டும் நகரவில்லை.